நாகூருக்கும் பினாங்குக்கும் எவ்வளவு நேர வித்தியாசம்? – கடிகாரக் கணக்கும் சூரியக் கணக்கும்

நாகூரில் யாரிடம் கேட்டாலும் "பினாங்குக்கும் நமக்கும் ரெண்டரை மணி நேரம்" என்று யோசிக்காமல் சொல்வார்கள். சபர் போன பிள்ளைகளோடு தினமும் போனில் பேசும் வீடுகளில் சிறுவர்களுக்குக்கூட இது மனப்பாடம். விடை சரிதான். ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டுமே விடை. "அங்கே இப்போது மணி என்ன?" என்பது அந்தக் கேள்வி. "அங்கே லுஹர் எப்போது? மஃரிப் நமக்கு எவ்வளவு முன்பு?" என்ற கேள்விகளுக்கு இந்த இரண்டரை மணி நேரம் விடையாகாது. அவற்றுக்கான விடை ஏறத்தாழ 1 மணி 22 நிமிடம்.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் தொழுகை நேரம் தவறும், நோன்பு முறியும். சில சமயம் ஒரு குடும்பத்தின் சொத்துப் பங்கீடே தலைகீழாகும். எனவே இவ்விரு ஊர்களையும் எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முறையைப் புரிந்துகொண்டால் ஜித்தா, துபாய், சிங்கப்பூர், ஹாங்காங் என எந்த ஊருக்கும் இதே வழியில் கணக்கிடலாம்.

ஏன் இந்த இரண்டு ஊர்கள்?

நாகூருக்கும் பினாங்குக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம்களை முன்னாளில் அழைத்த பெயராலேயே 'சூலியா தெரு' இன்றும் இருக்கிறது. அதே தெருவில் நாகூர் ஷாகுல் ஹமீது பாதுஷா நாயகத்தின் நினைவாக எழுப்பப்பட்ட சிறிய தர்காவும் உள்ளது. அங்குள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் நம் மக்களின் தலைவராக இருந்த காதர் முஹ்யித்தீன் அவர்களால் நிறுவப்பட்டது. 'ரஜூலா' கப்பல் ஓடிய காலத்தில் நாகப்பட்டினத்தில் ஏறிய சபராளிகள் பினாங்கில் போய் இறங்கினார்கள். கப்பலில் சென்றவர்களுக்கு நேர மாற்றம் ஒரு சுமையாகத் தெரிந்திருக்காது. கிழக்கே போகப் போக நாளுக்குச் சில நிமிடங்களாகப் பொழுது முன்னே நகரும், உடலும் பழகிவிடும். இன்று திருச்சியில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் மலேசியா. காலையில் ஓர் ஊர்ப் பொழுதில் ஸஹர் செய்தவர் மாலையில் வேறோர் ஊர்ப் பொழுதில் நோன்பு திறக்கிறார். எனவே அன்றைவிட இன்று இந்தக் கணக்கு அதிகம் தேவைப்படுகிறது.

சூரியக் கணக்கு: 1 மணி 22 நிமிடம்

பூமி 360 பாகையை 24 மணி நேரத்தில் சுற்றுகிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். நாகூர் கிழக்குத் தீர்க்கரேகை 79.84 பாகையில் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் 100.33 பாகையில் இருக்கிறது. இடைவெளி ஏறத்தாழ 20.5 பாகை. அதை நான்கால் பெருக்கினால் 82 நிமிடம், அதாவது 1 மணி 22 நிமிடம். பினாங்கில் சூரியன் உச்சி சாய்ந்து 1 மணி 22 நிமிடம் கழித்து நாகூரில் உச்சி சாய்கிறது. அல்லாஹ் வகுத்த இந்த இடைவெளியை எந்த அரசாங்கமும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

கடிகாரக் கணக்கு: 2 மணி 30 நிமிடம்

கடிகார நேரம் என்பது மனிதர்கள் நிர்வாக வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. இந்தியா 1906 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துத் தன் நேரத்தைக் கணக்கிடுகிறது. உலகப் பொது நேரத்தைவிட அது ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நாகூர் அந்த ரேகைக்குச் சற்றே மேற்கில் இருப்பதால் நம்மூரில் உச்சிப் பொழுது, ஆண்டுச் சராசரியாக, 12 மணி 11 நிமிடத்துக்கு வருகிறது. கடிகாரமும் சூரியனும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

மலேசியாவின் கதை வேறு. பினாங்கு உள்ளிட்ட பகுதிகளில் 1905-இல் பொது நேரத்துக்கு 7 மணி நேரம் முன்னதாகக் கடிகாரம் வைக்கப்பட்டது. 1930-களில் அது 7 மணி 20 நிமிடமானது. 1941-இல் ஏழரை மணி நேரமானது. ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் டோக்கியோ நேரமே அங்கு ஓடியது. போர் முடிந்ததும் ஏழரைக்குத் திரும்பியது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்துக்கு, அதாவது 8 மணிக்கு, வந்தது. சிங்கப்பூரும் அவ்வாறே மாற்றிக்கொண்டது.

போர்க்காலத்தில் இந்தியாவிலும் கடிகாரம் மாற்றி வைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் நாகூர் – பினாங்கு கடிகார வித்தியாசம் இப்படி மாறி வந்திருக்கிறது:

• 1906 முதல் 1930-களின் தொடக்கம் வரை – 1 மணி 30 நிமிடம்
• 1930-களில் – 1 மணி 50 நிமிடம்
• போருக்குப் பின் 1981 முடிய – 2 மணி நேரம்
• 1982 முதல் இன்று வரை – 2 மணி 30 நிமிடம்

இத்தனை மாற்றத்திலும் சூரியன் தன் 1 மணி 22 நிமிடத்தில் இருந்து நகரவில்லை. நம் பாட்டனார்கள் காலத்தில் கடிகாரமும் சூரியனும் எட்டு நிமிட வேறுபாட்டில் ஒத்திருந்தன. அன்று "ஒன்றரை மணி நேரம்" என்று தொழுகைக்கும் சேர்த்துச் சொன்னாலும் பெரிய பிழை இல்லை. இன்று இரண்டுக்கும் இடையே 1 மணி 8 நிமிடம் விழுந்துவிட்டது. ஒரு தொழுகையின் நேரம் போய் அடுத்த தொழுகையின் நேரம் வந்துவிட அந்த இடைவெளி போதும்.

தொழுகை எந்தக் கணக்கில்?

குறிப்பிட்ட நேரங்களில் நிறைவேற்ற வேண்டிய கடமையாகத் தொழுகை விதிக்கப்பட்டிருப்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 103-ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்த நேரங்களை ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு இரண்டு நாள் இமாமத் செய்து காட்டித் தந்த செய்தி ஹதீஸ் நூல்களில் பிரபலமானது. அங்கே சொல்லப்படும் அடையாளங்கள் வைகறை வெளிச்சம், சூரியன் சாய்தல், நிழலின் நீளம், சூரிய மறைவு, செவ்வானம் மறைதல் ஆகியவைதாம். கடிகார முள் அந்த அடையாளங்களை அறிந்துகொள்ள உதவும் கருவி மட்டுமே.

இதனால்தான் நாகூரிலிருந்து புதிதாகப் பினாங்கு போகும் ஒருவர் முதல் நாளே வியப்படைகிறார். மணி பன்னிரண்டரை ஆகியும் லுஹர் பாங்கு கேட்பதில்லை. சராசரியாக 1 மணி 19 நிமிடத்துக்கே அங்கு சூரியன் உச்சி சாய்கிறது. ஊர் வழக்கத்தில் 12.30-க்கு லுஹர் தொழுதால் அந்தத் தொழுகை நேரம் வருமுன் தொழுத தொழுகையாகிவிடும், பர்ளு நிறைவேறாது. இது சிறிய விஷயமல்ல.

உச்சிப் பொழுதும் ஆண்டு முழுவதும் ஒரே நிமிடத்தில் நிற்பதில்லை. பிப்ரவரி நடுவில் சராசரியைவிட சுமார் 14 நிமிடம் பிந்தும்; நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்தும். எனவே நாகூரில் அது ஏறத்தாழ 11.54 முதல் 12.25 வரையிலும், பினாங்கில் 1.02 முதல் 1.33 வரையிலும் ஊசலாடும். ஆனால் இந்த ஊசலாட்டம் இரு ஊர்களுக்கும் ஒரே நாளில் ஒரே அளவாக இருப்பதால் இடைவெளி மாறாது.

மஃரிபுக்கும் சுபுஹுக்கும் இன்னொரு நுணுக்கம்

லுஹருக்கு 1 மணி 22 நிமிடம் என்பது ஆண்டு முழுவதும் பொருந்தும். சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் அப்படியல்ல. நாகூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது, பினாங்கு 5.4 பாகையில் இருக்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பகலின் நீளம் மாறாமல் நிற்கும். ஜூன் மாதத்தில் நாகூரின் பகல் பினாங்கின் பகலைவிடச் சுமார் 19 நிமிடம் நீளம். டிசம்பரில் அதே அளவு குறைவு. கீழே உள்ள கணக்கு ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம்:

ஜூன் 21
• நாகூர்: உதயம் காலை 5.50, உச்சி 12.12, மறைவு மாலை 6.35
• பினாங்கு: உதயம் காலை 7.07; உச்சி 1.20, மறைவு மாலை 7.34
• உண்மை இடைவெளி: உதயத்தில் 1 மணி 13 நிமிடம், மறைவில் 1 மணி 31 நிமிடம்

டிசம்பர் 21
• நாகூர்: உதயம் காலை 6.24, உச்சி 12.09; மறைவு மாலை 5.54
• பினாங்கு: உதயம் காலை 7.23, உச்சி 1.17, மறைவு மாலை 7.11
• உண்மை இடைவெளி: உதயத்தில் 1 மணி 31 நிமிடம்; மறைவில் 1 மணி 13 நிமிடம்

பினாங்கு நேரத்திலிருந்து இரண்டரை மணியைக் கழித்து நாகூர் நேரமாக்கிவிட்டு ஒப்பிட்டால் இந்த இடைவெளிகள் கிடைக்கும். எனவே ஓர் ஊரின் தொழுகை அட்டவணையில் ஏதோ ஓர் எண்ணைக் கூட்டியோ கழித்தோ இன்னொரு ஊருக்கு அட்டவணை தயாரிக்கக் கூடாது. அந்தந்த ஊரின் அட்டவணையே அந்தந்த ஊருக்கு. அசர் விஷயத்தில் மத்ஹப் வேறுபாடும் சேர்ந்துகொள்ளும். மலேசியாவில் ஷாஃபிஈ மத்ஹபின்படி பொருளின் நிழல் ஒரு மடங்கு ஆனதும் அசர் நேரம் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் இரண்டு மடங்கு என்று கணக்கிடுவதால் அவர்களது அசர் பிந்தும்.

நோன்பாளியின் பயணம்

ரமளானில் பயணம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு மிக அவசியம். பொது விதி எளிது: எங்கே இருக்கிறோமோ அங்கே சூரியன் மறைந்தால்தான் நோன்பு திறக்க வேண்டும். புறப்பட்ட ஊரின் நேரம் கணக்கில் இல்லை.

மார்ச் 20-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று நாகூரில் மஃரிப் ஏறத்தாழ 6.21, பினாங்கில் 7.30. நாகூரில் ஸஹர் செய்து பினாங்கு போய் இறங்குபவர் அங்கு 7.30-க்கு நோன்பு திறக்கலாம். அது நம்மூர் மணிக்கு மாலை 5.00. அவரது நோன்பு 1 மணி 20 நிமிடம் அளவுக்குக் குறைகிறது. அதனால் நோன்பில் குறை ஏதுமில்லை. "நம்மூரில் 6.21, அதோடு இரண்டரை மணி கூட்டினால் 8.51, அதுவரை பொறுக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டால் அது தேவையற்ற சிரமம். சூரியன் மறைந்ததும் தாமதிக்காமல் நோன்பு திறப்பதுதான் சுன்னத்.

ஆபத்து திரும்பி வரும்போதுதான். பினாங்கில் ஸஹர் செய்துவிட்டு நாகூர் வந்து சேர்பவரின் செல்போன் தானாகவே இந்திய நேரத்துக்கு மாறிவிடும். ஆனால் அதிலுள்ள தொழுகை நேரச் செயலியில் ஊர் இன்னும் பினாங்கு என்றே இருந்தால், அங்குள்ள 7.30 மஃரிபை நம்மூர் 5.00 மணி என்று காட்டி பாங்கு ஒலிக்கக்கூடும். வெளியே வெயில் அடிக்கும். அந்த ஒலியை நம்பி நோன்பு திறந்தால் அந்த நோன்பு கூடாது. களாச் செய்ய வேண்டும். வந்து இறங்கியதும் செயலியில் ஊரை மாற்றுங்கள். அதைவிட எளிதான வழி, பக்கத்துப் பள்ளிவாசலின் பாங்கைக் கேட்டு நோன்பு திறப்பது.

பிறையும் பெருநாளும்

மேற்கே உள்ள ஊரில் சூரியன் பிந்தி மறைவதால் அங்கே மஃரிபின்போது பிறைக்கு வயது சற்றுக் கூடியிருக்கும். சூரியனிடமிருந்து பிறை மணிக்குச் சுமார் அரைப் பாகை விலகிச் செல்கிறது. ஆகவே பினாங்கில் தெரியாத பிறை அதே மாலை நாகூரில் தெரிய வாய்ப்புண்டு. நடைமுறையில் பெருநாள் தேதிகளை முடிவு செய்வது இது மட்டுமல்ல. மலேசியாவில் பிறையின் உயரம் 3 பாகை, சூரியனிடமிருந்து விலகல் 6.4 பாகை என்ற அளவுகோலும் அண்மை ஆண்டுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. அங்கு நாடு முழுவதற்கும் ஒரே அறிவிப்பு வரும். தமிழகத்தில் பிறை பார்த்த தகவலின் பேரில் தலைமை காஜி அறிவிக்கிறார். எனவே தேதி ஒன்றாகவும் அமையலாம். ஒரு நாள் வேறுபடவும் செய்யலாம்.

சஹாபாக்கள் காலத்திலேயே இது நிகழ்ந்திருக்கிறது. ஷாம் தேசத்திலிருந்து மதீனா வந்த குரைப் (ரஹ்) அவர்கள், அங்கே வெள்ளியிரவு பிறை பார்த்ததைச் சொன்னபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மதீனாவில் சனியிரவு பார்த்ததையே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இதன் அடிப்படையில் சபராளிக்கு ஒரு வழிமுறை சொல்கின்றன. தொலைவிலுள்ள வேறோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த ஊராரோடு நோன்பிலும் பெருநாளிலும் ஒத்துப்போக வேண்டும். அவருக்கு முப்பது முடிந்திருந்தும் அவ்வூரார் நோன்பிருந்தால் அவரும் இருப்பார். அவருக்கு 28 ஆன நிலையில் அங்கே பெருநாள் வந்தால் அவர்களோடு பெருநாள் கொண்டாடிவிட்டு ஒரு நோன்பைக் களாச் செய்வார்.

யார் முதலில் மவுத்தானார்?

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வாரிசுரிமைச் சட்டத்தில் ஓர் அடிப்படை உண்டு: ஒருவர் இறக்கும் கணத்தில் உயிரோடு இருப்பவரே அவருக்கு வாரிசாக முடியும். இரண்டு உறவினர்கள் ஒரே நாளில் வெவ்வேறு நாட்டில் இறந்தால் யார் முந்தியவர் என்பது பெரிய கேள்வியாகிவிடும்.

நம் இமாம்கள் இதைக் கடிகாரம் பரவுமுன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 684-இல் (கி.பி. 1285) வஃபாத்தான எகிப்து நாட்டு மாலிகி அறிஞர் இமாம் கராஃபி (ரஹ்) அவர்கள் தமது 'அல் ஃபுரூக்' நூலில் ஒரு மஸ்அலாவைக் குறிப்பிடுகிறார்கள். இரு சகோதரர்கள், ஒருவர் கிழக்கிலும் மற்றவர் மேற்கிலும் சரியாக உச்சி சாயும் நேரத்தில் இறக்கிறார்கள். யார் யாருக்கு வாரிசு? மேற்கில் இருந்தவரே கிழக்கில் இருந்தவருக்கு வாரிசு என்பது தீர்ப்பு. கிழக்கில்தான் உச்சிப் பொழுது முதலில் வருகிறது. ஆகவே கிழக்கில் இருந்தவரே முதலில் இறந்தவர். நம் உதாரணத்தில் பினாங்குச் சகோதரர் 1 மணி 22 நிமிடம் முன்பே இறந்துவிட்டார். நாகூர்ச் சகோதரர் வாரிசாகிறார்.

இன்று நம்மிடம் இருப்பது மருத்துவமனைச் சான்றில் எழுதிய மணி. ஓர் உதாரணம் பார்ப்போம். நாகூரில் வாப்பா 14-ஆம் தேதி இரவு 11.30-க்கு மவுத்தாகிறார். பினாங்கில் மகன் 15-ஆம் தேதி பின்னிரவு 1.30-க்கு மவுத்தாகிறார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும் வாப்பாதான் முந்தியவர் என்பார். தேதியே வேறாக இருக்கிறதே! ஆனால் பினாங்கின் 1.30 என்பது நாகூரில் 14-ஆம் தேதி இரவு 11.00. மகன் வாப்பாவுக்கு அரை மணி நேரம் முன்பே இறந்துவிட்டார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். வாப்பா முந்தியவர் என்று வைத்தால் வாப்பாவின் சொத்தில் அந்த மகனுக்குப் பங்கு வந்து, அது மகனின் மனைவி மக்களுக்குச் சேரும். மகன் முந்தியவர் என்றால், மகனின் சொத்தில் வாப்பாவுக்குப் பங்கு வரும். வாப்பாவுக்கு வேறு ஆண் மக்கள் உயிரோடு இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகள் பாட்டனார் சொத்தில் வாரிசாக மாட்டார்கள். மணியைத் தப்பாகப் படித்தால் ஒருவருடைய ஹக் இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

நாகூர் – பினாங்கு இடையே இதற்கு எளிய அளவுகோல்: பினாங்குத் தாளில் உள்ள நேரம் நாகூர்த் தாளில் உள்ளதைவிட இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாகப் பிந்தியிருந்தால், பார்வைக்குப் பிந்தியவர் போலத் தெரிந்தாலும் பினாங்கில் இறந்தவரே முந்தியவர். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிந்தியிருந்தால்தான் அவர் உண்மையிலேயே பிந்தியவர். யார் முந்தியவர் என்பது அறியவே முடியாமல் போனால், ஒருவருக்கொருவர் வாரிசாக மாட்டார்கள். இருவர் சொத்தும் அவரவரின் மற்ற வாரிசுகளுக்குச் சேரும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் சட்டம். ஆனால் ஒரு கழித்தல் கணக்கில் தெரிந்துவிடுவதை "தெரியாதது" என்று விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

கணவர் பினாங்கில் இறந்து மனைவி ஊரில் இருந்தாலும் இதே கவனம் வேண்டும். இத்தா தொடங்குவது மவுத்தான கணத்திலிருந்து. செய்தி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. அங்கு சொல்லும் மணியை நம்மூர் மணிக்கு மாற்றிக் குறித்துக்கொண்டு, அது மஃரிபுக்கு முன்பா பின்பா என்பதையும் சேர்த்து உள்ளூர் ஆலிமிடம் சொல்லிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க

• போன் பேச, விமான நேரம் பார்க்க, ஒரு சம்பவம் எப்போது நடந்தது என்று அறிய: நாகூர் மணியோடு 2.30 கூட்டினால் பினாங்கு மணி.
• நாகூரில் இரவு 9.30 ஆனதும் பினாங்கில் தேதி மாறிவிடும்.
• தொழுகை, ஸஹர், நோன்பு திறத்தல்: கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம், நிற்கும் ஊரின் அட்டவணையைப் பாருங்கள்.
• வெள்ளிக்கிழமை நாகூரில் காலை 11 மணி என்பது அங்கே பகல் 1.30, ஜும்ஆ நேரம். அப்போது போன் செய்யாதீர்கள்.
• பிறப்பு, இறப்பு, தலாக் போன்றவற்றின் நேரத்தைக் குறிக்கும்போது "பினாங்கு நேரம்" அல்லது "இந்திய நேரம்" என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பின்னால் பங்கு பிரிக்க உட்காருபவர்களுக்கு அந்த ஒரு சொல் பெரும் உதவியாக இருக்கும்.

கடிகாரத்தை மனிதர்கள் மாற்றியிருக்கிறார்கள், இனியும் மாற்றலாம். சூரியனும் சந்திரனும் அல்லாஹ் வகுத்த கணக்கின்படியே ஓடுகின்றன. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்து, வணக்கங்களை உரிய நேரத்தில் நிறைவேற்றவும், உரியவர்களுக்கு உரிய பங்கைச் சேர்க்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.